டிரெய்லர் கழற்றிய வண்டியின் எடை

நெமிலிச்சேரி தாட்சாயிணியின் வண்டிக்கு டிரெய்லரைக் கழற்றிவிட்டால் எடை இருக்காது. இது முதலில் தெரியவந்தது ஓர் ஆவணி மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, திருமழிசையைத் தாண்டியுள்ள செக்போஸ்ட் எடைமேடையில். கண்டெய்னரும் டிரெய்லருமாகக் கிடங்கில் விட்டுவிட்டு, பத்து டயர் இழுவை வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். அப்படி வரும் வண்டிகள் மேடையில் ஏற வேண்டுமா என்பதில் அந்தச் சாலையில் யாருக்கும் தெளிவு இருந்ததில்லை. சரக்கு வண்டிகள் அனைத்தும் எடை போட வேண்டும் என்று பலகை சொன்னது. சரக்கு வைக்க இடமே இல்லாத வண்டி எந்தக் கணக்கு என்று சொல்லவில்லை. டிரைவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு, மாற்றலாகி வந்து நான்கே நாளான பிரேக் இன்ஸ்பெக்டர் கோகுல்நாத் குறுக்கே வந்து நின்றார்.

"இன்னா சார், பின்னாடி ஒண்ணுமே இல்லாம வந்துகினு கீறேன். எதை எடை போடப் போறீங்க?"

"டிரெய்லர் இல்லன்னா ஏற வேணாம்னு ரூல்ஸ்ல எங்கயாவது எழுதியிருக்கா? ஏத்துங்கம்மா."

ஏற்றினாள். திரையில் எழுபது கிலோ என்று வந்தது. அது தாட்சாயிணியின் எடை. அவள் இறங்கியதும் சுழியம் வந்தது. எடை போடும் ஹேமாவதி இயந்திரத்தை அணைத்துப் போட்டாள், தானே மேடையில் ஏறி நின்று பார்த்தாள். அவள் எடை சரியாக வந்தது. மறுநாள் முத்திரை பதித்த எடைக்கற்களோடு ஆட்கள் வந்து சோதித்தார்கள். மேடையில் பிழை இல்லை. டிரெய்லரைக் கோத்தால் வண்டியின் எடை ஒரு கிலோ குறையாமல் திரும்பி வந்தது, கழற்றினால் போனது. கோகுல்நாத் கெட்டவர் இல்லை, எழுத்தை நம்புகிறவர். ஆர்.சி. புத்தகத்தில் எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது கிலோ என்று இருக்கிறது. மேடையில் நிற்பதற்கு எடையே இல்லை. ஆகவே இது அந்த வண்டி அல்ல என்று எழுதி, வண்டியைப் பிடித்து வைத்தார். கண்டெய்னர் லாரிகள் கடக்கும் காற்றுக்கே அது நகர்ந்ததால், வேப்பமரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

தாட்சாயிணி பட்டாபிராம் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பத்துப் பெண். டிராக்டரில் பழகி, முப்பத்து நான்கு வயதில் கனரக உரிமம் எடுத்தவள். கணவன் லோகநாதன் ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர். வண்டி பிடிபட்ட பிறகு அவள் தினமும் பஸ் பிடித்து வந்தாள். கண்ணாடியைத் துடைத்தாள், எஞ்சினைப் போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டு அணைத்தாள். வண்டியின் எடை எங்கே போயிற்று என்ற கேள்வி அவளை அவ்வளவாக வாட்டவில்லை. வரிசையில் நின்ற டிரைவர்கள் சொன்னதுதான் குத்தியது. "பொம்பள ஓட்ற வண்டில வெயிட்டு எங்கேர்ந்து வரும் மாமே" என்று ஒருவன் சொல்ல, ஆறு வண்டி தள்ளி இருந்தவன்வரை சிரித்தான். இப்படி நாற்பத்தொரு நாள் போயிற்று.

நாற்பத்திரண்டாம் நாள் ஐப்பசி மழையில், பிற்பகல் மூன்று மணிக்கு, செக்போஸ்ட்டுக்கு ஒரு கிலோமீட்டர் அப்பால் கூவத்தைக் கடக்கும் பழைய பாலம் நடுவில் உள்வாங்கியது. அப்போது அதன் மேல் ஒரு கம்பெனி பஸ் இருந்தது. உள்ளே ஷிப்டு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த நாற்பத்து மூன்று தையல் தொழிலாளிப் பெண்கள். முன் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்க, டிரைவர் டில்லிபாபு எல்லோரையும் பின்னால் போய் நெருங்கி நிற்கச் சொன்னார். யாராவது ஓர் அடி முன்னால் வைத்தாலும் பஸ் சாய்ந்தது. இருந்த ஒரே வாசலும் முன்னால்தான். கிரேன் வந்து முதல் சக்கரத்தை ஏற்றியதும் பாலம் இன்னொரு விரிசல் விட்டது, கிரேன் பின்வாங்கியது.

சங்கிலிச் சாவியை எடுத்துக்கொண்டு கோகுல்நாத்தே வேப்பமரத்துக்கு வந்து பூட்டைத் திறந்தார். தாட்சாயிணி ஏற்கெனவே வண்டிக்குள் இருந்தாள்.

"பாலம் எவ்ளோ தாங்கும் சார்?"

"ஒரு ஆள் நடந்தா தாங்குது."

"அப்ப நான் போறேன்."

ஹேமாவதி மழையில் ஓடி வந்தாள். "அக்கா, பின்னாடி எதைக் கோத்தாலும் வெயிட்டு வந்துடுமே!"

தாட்சாயிணியின் கை ஸ்டியரிங்கிலேயே நின்றது. கோகுல்நாத் இருபத்தாறு வருடம் விதிகளைப் படித்தவர். "பின்னாடி கோத்து இழுத்தாதான் டிரெய்லர். முன்பக்கக் கொக்கில கட்டி ரிவர்ஸ்ல இழுங்க. அதை எந்த ரூல்ஸும் டிரெய்லர்னு சொல்லாது."

வண்டி பாலத்தில் ஏறியது. பாலத்துக்கு அது தெரியவே இல்லை. தேங்கிய மழைநீரின் மேல் பத்து டயரும் ஓடின, நீர் கலங்கவில்லை. தீயணைப்பு வீரர் ஒருவர் பஸ்ஸின் பின்பக்கத்தையும் வண்டியின் முன்பக்கத்தையும் சங்கிலியால் பிணைத்தார். தாட்சாயிணி ரிவர்ஸ் கியர் போட்டுக் கிளட்ச்சை மயிரிழை மயிரிழையாக விட்டாள். எடைதான் இல்லையே தவிர, எஞ்சினின் இழுப்பு முழுதாக இருந்தது. பஸ் ஒரு சாண் வந்தது, பிறகு இன்னொரு சாண். பின் கண்ணாடியில் அடுக்கடுக்காக முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. அழுதுகொண்டிருந்த ஒருத்தியைப் பார்த்துத் தாட்சாயிணி தலையை ஆட்டினாள், அந்தப் பெண் அழுகையை நிறுத்தினாள். ஐம்பது நிமிடத்தில் பஸ்ஸின் எல்லாச் சக்கரங்களும் கரையில் இருந்தன. எல்லோரும் இறங்கித் திரும்பிப் பார்த்தபோது பாலம் ஆற்றில் கிடந்தது.

குப்பம்மா என்ற, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் பெண் நன்றி சொல்ல வந்து வண்டியின் மேல் கை வைத்தாள், வண்டி ஓரடி நகர்ந்தது. "ஏய், இது பஞ்சாட்டம் கீதுடி!" என்று கத்தினாள். அடுத்த நிமிடம் நாற்பத்து மூன்று பேரும் தோள் கொடுத்து, உள்ளே தாட்சாயிணி உட்கார்ந்திருக்கும்போதே வண்டியைத் தூக்கிவிட்டார்கள். கொட்டும் மழையில் மாங்காட்டு அம்மன் பல்லக்கைப் போல அது ஒரு கிலோமீட்டர் தூரம் தோளிலேயே வந்தது. சாலையின் இருபுறமும் லாரிகள் நின்று ஹாரன் அடித்தன. சிரித்த டிரைவர்களும் இறங்கி வந்து தோள் மாற்றினார்கள். எடைமேடையில் இறக்கி வைத்ததும், தாட்சாயிணி கீழே குதித்து இடுப்பில் கை வைத்துத் திரையைப் பார்த்தாள். சுழியம். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கோகுல்நாத் அங்கேயே ஆர்.சி. புத்தகத்தில் எடையைத் திருத்திக் கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் சுற்றறிக்கை வந்தது. டிரெய்லர் இல்லாத இழுவை வண்டிகளும் எடைமேடையில் ஏற வேண்டும், திரை காட்டுவதை எழுத வேண்டும், ஒன்றும் காட்டாவிட்டால் 'இல்லை' என்று எழுதி அனுப்பிவிட வேண்டும் என்பது அதன் சாரம். புதுப் பாலம் எழுந்து ஆறு வருடமாகிறது. தாட்சாயிணி வாரத்துக்கு இரண்டு முறை அந்த வழியாக வருகிறாள். ஹேமாவதி திரையைப் பார்க்காமலே சீட்டு எழுதி நீட்டுவாள், தாட்சாயிணியின் மகள் எந்தக் காலேஜில் சேர்ந்தாள் என்று விசாரிப்பாள். பேச்சு நீண்டால் பின்னால் நிற்கும் வண்டிக்காரன் தலையை வெளியே நீட்டுவான்.

"யக்கா, சீக்கிரம் எடுக்கா. எனக்கு முப்பத்தெட்டு டன்னு கீது!"