ஜன்னலில் வைத்த பனித்தண்ணீர்

ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வைத்தவன் வாய்க்குச் சர்க்கரை போடணும். திங்கள்கிழமை காலை குளிர்பெட்டியைத் திறந்தவளுக்குத் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. உள்ளே வரிசையாகக் கூல்டிரிங்ஸ். அங்கே இருக்க வேண்டிய தண்ணீர் பாட்டில்களோ ஜன்னல் மேடையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

சாதாரணத் தண்ணீரா அது? பனிப்பாறை உருகி வழிந்த இடத்தில் அவள் தம்பி பிடித்து வந்தது. அந்தக் குளிருக்கு இரண்டு கால்விரல்களைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அவன் இறங்கிய மறுவாரமே அந்தப் பனி மொத்தமும் இடிந்து போயிற்று. இனிமேல் தலைகீழாக நின்றாலும் ஒரு சொட்டு கிடைக்காது.

"யார் பண்ணின வேலை இது?" என்று அவள் போட்ட சத்தத்தில் இயக்குநரே வந்துவிட்டார். நிதி வாங்கத் தெரிந்த மனுஷர், தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"நான்தாம்மா. இன்னிக்கு விருந்தாளிங்க வராங்கல்ல? வெள்ளிக்கிழமையே எடுத்து வெளிய வெச்சேன். தண்ணி என்ன கெட்டா போயிடும்? மூடியைத் திறந்து மோந்துகூடப் பாத்தேன், ஒரு வாடையும் இல்ல."

வந்ததே கோபம் அவளுக்கு!

"மோந்து வேற பாத்தீங்களா? சார், செத்த பாசி, மக்கின மண்ணுன்னு ஐஸுக்குள்ள காலங்காலமா பூட்டிக் கிடந்த கரிமம் அதுல கரைஞ்சிருக்கு. குளிர்ல, இருட்டுல இருந்தா அப்படியே இருக்கும். கொஞ்சம் சூடு பட்டாப் போதும், கிருமிங்க பந்தி உக்காந்துடும். தின்னு தீத்துட்டு கரியமில வாயுவா மூச்சு விடும். பனி உருகி ஓடற ஆத்துலயும் இதேதான் நடக்குது. அதுல எவ்வளவு காத்துக்குப் போகுதுன்னு கண்டுபிடிக்கத்தானே இவ்வளவு பாடும்!"

"சரி, சரி. இருக்கறதை அளந்து பாரேன்."

ஒரு பாட்டிலை எடுத்து அளந்தாள். கரிமம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றது கருவி. இயக்குநர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

"பாத்தியா! கரிமம் கரிமம்னு சும்மா பூச்சாண்டி காட்டறாங்க. இதையே விருந்தாளிங்ககிட்ட சொல்லிடறேன்."

"இருந்துச்சு சார்."

"அப்ப எங்க போச்சு?"

"இந்த ரூம்லதான் சுத்துது. நல்லா மூச்சை இழுத்துப் பாருங்க."

அவர் சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குப் போய்விட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறாள். இந்த ஆள் ஒரு மலையையே மறைக்கக் கிளம்பிவிட்டாரே! ஆத்திரத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, எவ்வளவு வந்துச்சு?"

போனைக் கையில் பிடித்தபடியே அவள் எழுந்தாள். விறுவிறுவென்று கூட்ட அறைக்குள் நுழைந்தாள். "ஆக, கவலைப்பட ஒண்ணுமே இல்ல" என்று இயக்குநர் சொல்லிக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

"தம்பி, இங்க எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க. நீ கொண்டாந்த தண்ணி மொத்தமும் கெட்டுப்போச்சுடா. கூல்டிரிங்ஸ் வைக்க இடம் வேணும்னு வெள்ளிக்கிழமையே எடுத்து வெயில்ல வெச்சுட்டாங்க."



"ஆயிரமாயிரம் வருஷமா அந்த மலை பத்திரமா வெச்சிருந்துச்சுக்கா" என்றான். "உங்களால மூணு நாள் வெச்சிருக்க முடியலயா?"

 இயக்குநர் கையில் பிடித்திருந்த ஜில்லென்ற பாட்டிலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.