காதுக்கு முன்னால் ஒரு வீக்கம்

கார் ஓட்டக் கற்றுத்தருவது அவள் தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்துவாள். அதனால் வலது தாடை வலிக்கிறது என்றபோது கணவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"வாய்க்கும் கொஞ்சம் லீவு குடேன்."

பல்லில் ஒன்றுமில்லை, தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதால் தசை பிடித்திருக்கும் என்றார் பல் டாக்டர். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அது வலியை அடக்கியது; வலி மறுபடி கிளம்பியது. பிறகு காய்ச்சல். காதுக்கு முன்னால் சிவந்து வீங்கியது. வலப்பக்கப் பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. கடைசியில் டீஸ்பூன்கூட வாய்க்குள் நுழையவில்லை.

கணவனுக்குக் கார் ஓட்ட வராது. பதறிப்போய் டாக்சி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

முக அறுவை மருத்துவர் வீக்கத்தைத் தொட்டதுமே அவள் துள்ளினாள்.

"சமீபத்துல உடம்புல கட்டி, புண்ணு ஏதாவது வந்துச்சாம்மா?"

அவள் தொடையைக் காட்டினாள். "போன மாசம் ஒரு கட்டி, டாக்டர். தானா உடைஞ்சு ஆறிடுச்சு," என்றான் கணவன்.

ஸ்கேனில் தாடை மூட்டுக்குள் நீர் கோத்திருந்தது. மருத்துவர் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து ஊசியை இறக்கினார். மஞ்சளாகச் சீழ் ஏறியது.

"அந்தக் கட்டியில இருந்த கிருமி ரத்தத்துல கலந்து இங்க வந்து உக்காந்திருக்கும். இந்த மூட்டுல இது ரொம்ப அபூர்வம். இன்னைக்கே திறந்து கழுவணும். விட்டா எலும்பை அரிச்சிடும், வாய் அப்படியே இறுகிப்போயிடும்."

"உயிருக்கு ஒண்ணும்…"

"மயக்கம் குடுக்கறதுதான் சிக்கல். வாய் திறக்கலையே. முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா மூச்சுக்குழாயை விடணும். அவங்க அசையவே கூடாது."

அறுவை அறையில் குழாய் மூக்கில் நுழைந்தது. தொண்டை மரத்திருந்தும் அது இறங்குவது தெரிந்தது. இருமல் வந்தது. காற்றே இல்லாததுபோல் நெஞ்சு அடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த மானிட்டர் கூவியது.

"முடியலன்னா கையைத் தூக்குங்க," என்றார் மயக்க மருத்துவர்.

தூக்கிவிடத்தான் தோன்றியது. இரண்டு கையாலும் படுக்கையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"குழாய் உள்ள போயிடுச்சும்மா. இனி தூங்கலாம்."

திறந்து கழுவியதில் மூட்டு தப்பியது. கிருமிக்கான மருந்து வாரக்கணக்கில் நரம்பில் ஏறியது. அதைவிடக் கொடுமை வாய்ப்பயிற்சி. தட்டையான மரக்குச்சிகளைப் பற்களுக்கிடையில் ஒவ்வொன்றாகச் செருகி வாயை அகலப்படுத்த வேண்டும். அவள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்க, குச்சி எடுத்துக் கொடுத்த கணவனின் கண்தான் கலங்கியது.

அவள் குச்சிகளை வெளியே எடுத்தாள்.

"வலி எனக்கு. நீங்க எதுக்கு அழறீங்க?"

"உன்னைப் பாக்க முடியலடி."

"அப்போ சுவரைப் பாத்துக்கிட்டே குடுங்க. இன்னைக்கு நேத்தைவிட ஒரு குச்சி கூடப் போகணும்."