ஹரிதா ஓட்டிய பதிவு

திருச்சானூரில் ஒரு லாட்ஜில் அறைகளைப் பெருக்கித் துடைக்கும் அகிலாவுக்கு ரிசப்ஷனில் உட்கார ஆசை. ஊழியர்களுக்கென்று லாட்ஜில் ஒரு பயிற்சி ஆப் கொண்டுவந்தார்கள். கோபக்கார விருந்தாளி மாதிரி அது தெலுங்கிலும் இந்தியிலும் கத்தும். பதில் சொல்லிப் பழக வேண்டும். கற்றுக்கொடுக்க வந்த ஹரிதாவும் அகிலாவைப் போல நகரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தமிழ்க்காரிதான்.

"தப்பா பேசினா என்ன ஆவும்?" என்று கேட்டாள் அகிலா.

"ஒண்ணும் ஆவாதுக்கா. தைரியமா பேசிக்கினு இரு. உன் குரல் இந்த போனைத் தாண்டிப் போவாது."

அகிலா நம்பினாள். போர்வை காயும் மொட்டைமாடியில் நின்று தினமும் பேசினாள். ஒருநாள் வெந்நீர் வரவில்லை என்று போன் கத்தியபோது, அலுத்துப்போய், "கிணத்துல போய்க் குளி" என்று தமிழில் சொல்லிவிட்டுத் தனியே சிரித்தாள்.

அடுத்த பயிற்சிக் கூட்டத்தில், இப்படிப் பேசக் கூடாது என்று ஹரிதா பெரிய திரையில் ஓட்டியது அந்தப் பதிவைத்தான். மேனேஜர் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அகிலா எழுந்தாள். "வெளியே போவாதுன்னு நீதானே சொன்ன?"

ஹரிதா லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் பேரு போடலையேக்கா."

"குரல் என்னுதாச்சே. இங்க யாருக்குத் தெரியாது?"

அந்த மாதமே ரிசப்ஷன் வேலைக்குத் தேர்வு வந்தது, அதுவும் அதே ஆப்பில். பழகிய பதில்களெல்லாம் அகிலாவுக்கு நினைவிருந்தன. போனைப் பார்த்ததும் வாய்தான் திறக்கவில்லை. வேலை வேறொருத்திக்குப் போனது.

அன்று பஸ்ஸில் ஹரிதா இடம் பிடித்துவைத்துக் கூப்பிட்டாள். அகிலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நகரி வரை நின்றே போனாள்.