நெட்டை எறிந்த பந்து

பெண்களுக்கென்று அந்தக் கல்லூரியில் நடந்த முதல் கூடைப்பந்து ஆட்டத்தில், தோழிகள் நெட்டை என்று கூப்பிட்ட பெண் மேலே எறிந்த பந்து கீழே வரவில்லை. கூடைக்குச் சற்று இந்தப் பக்கம், வேதியியல் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஜன்னலுக்கு நேராக அது நின்றுகொண்டது. கொடிக்கம்பத்துக் கயிறு காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது. பந்து மட்டும் அசையவில்லை. விளையாடியவர்கள் கைகளை உயர்த்தியபடி காத்திருந்தார்கள். கை வலித்ததும் இறக்கிக்கொண்டார்கள்.

அதற்கு முன் அங்கே பெண்கள் விளையாடியதில்லை. மைதானம் ஆண்களுக்கு, ஓய்வறை பெண்களுக்கு என்பது ஏற்பாடு. ஓய்வறையில் இரண்டு நீள பெஞ்சுகளும் ரசம் போன ஒரு கண்ணாடியும் இருந்தன. பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தர வந்த ஆசிரியையின் கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கியதால் எல்லோரும் அவரை விசில் டீச்சர் என்றார்கள். ஜன்னல் சாத்திய கூடத்தில் கையைத் தூக்கு, கையை இறக்கு என்பதோடு அவருடைய வகுப்பு முடிந்துவிடும். குதித்தால் கீழே நூலகத்தில் தூசி கொட்டுகிறது என்று புகார் வரும். அவர் முதல்வர் அறைக்கு நடையாய் நடந்தார். முதல்வர் சொன்ன சொல் மாறாதவர். அதனாலேயே எதையும் லேசில் சொல்லமாட்டார். தொல்லை தாங்காமல் ஒரு நாள், "ஒரே ஒரு ஆட்டம். அது முடியுற வரைக்கும் கூடைப்பந்து ஆடுற அந்த சிமெண்டுத் தரை உங்களுக்கு. முடிஞ்சதும் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, சரியா?" என்றார். டீச்சர் சரி என்றார். வேறென்ன சொல்வது?

நெட்டை மருந்துக்கடைக்காரரின் ஒரே மகள். கதவு நிலைகளில் குனிந்து குனிந்து அவளுக்கு லேசாகக் கூன் விழுந்திருந்தது. மகள் படித்தது போதும், இனி கல்லாவில் உட்காரட்டும், அப்படியே ஒரு வரனும் பார்த்துவிடலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். இவள் அழுது கெஞ்சி அந்த ஆட்டம் வரைக்கும் தவணை வாங்கியிருந்தாள். "ஆட்டம் முடிஞ்ச மறுநாள் கடைக்கு வந்துடணும்" என்றார் அப்பா. பந்தை எறிந்தபோது அவள் நினைப்பெல்லாம் அந்த மறுநாளில்தான் இருந்தது என்று கூட விளையாடியவர்கள் பிற்பாடு சொன்னார்கள். அவள் அப்படி எதுவும் சொன்னதில்லை.

இருட்டும் வரை பார்த்துவிட்டு முதல்வர் தரைக்குள் வந்தார்.

"ஆட்டத்தை முடிங்க டீச்சர்."

"பந்து இன்னும் ஆட்டத்துலதான் சார் இருக்கு. நான் எப்படி விசில் ஊதுறது?"

முதல்வர் மேலே பார்த்தார். "சரி, விழட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பந்து விழவில்லை. ஆண்கள் அணியினர் கல் எறிந்தார்கள். கல் திரும்பி வந்து எறிந்தவன் நெற்றியைப் பிளந்தது. மின் பணியாளர் ஏணி போட்டு ஏறினார், பாதியிலேயே இறங்கிவிட்டார். "நான் ஏற ஏற அதுவும் ஏறுது சார். வேணும்னா நீங்க ஏறிப் பாருங்க" என்றார். தீயணைப்பு வண்டியின் ஏணிக்கும் அதே கதிதான். பந்து இருக்கும்வரை தரையும் பெண்களுடையது என்பதால், சும்மா நிற்பானேன் என்று அவர்கள் இன்னொரு பந்தை வைத்துப் பயிற்சி செய்தார்கள். யாராவது படிப்பு முடிந்து போனால் இன்னொருத்தி மாற்றாக வந்தாள். ஆனால் எறிந்தவள் மட்டும், அவள் பந்தை வேறொருத்தி தொடும்வரை, மாற முடியாது என்றார் டீச்சர். அப்படி ஒரு விதி உண்டா என்று கேட்க அங்கே அந்த விளையாட்டு தெரிந்தவர் எவரும் இல்லை.

இப்படியாக நெட்டை அங்கேயே தங்கினாள். ஒரு பட்டம் வாங்கினாள், பிறகு இன்னொன்று, பிறகு அதற்கும் மேலே. மாலையானால் தரைக்கு வந்து தன் இடத்தில் நின்றாள். மழையில் குடை பிடித்து நின்றாள். பந்து விழுந்துவிட்டதாக அரைத்தூக்கத்தில் அலறி எழுந்து விடுதி ஜன்னலுக்கு ஓடுவது அவளுக்கு வழக்கமாகிப் போனது. ஒவ்வொரு பருவமும் முடிகிறபோது அப்பா வாசலில் வந்து நிற்பார். "முடிஞ்சுதாம்மா?" "இல்லப்பா." அவர் அண்ணாந்து பார்ப்பார், சந்தேகத்தோடு கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பார், போய்விடுவார். ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டாரையும் அழைத்து வந்தார். மாப்பிள்ளையின் அம்மா பந்தைப் பார்த்தாள், பெண்ணைப் பார்த்தாள், "ரெண்டுமே ரொம்ப உசரம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவளுக்கு வந்த சங்கடம் வேறு. எத்தனையோ வருடம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததில் மேகங்கள் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டன. கடலோரத்து வானிலை நிலையம் ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டது, அவள் போகவில்லை. மறுபடி கூப்பிட்டது. தான் கிளம்பினால் ஆட்டம் செல்லாமல் போகும், தரை போகும், அதில் ஓடிக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் ஓய்வறை பெஞ்சுக்குத் திரும்புவார்கள். கடைக்குப் போகாமல் அவளைக் காப்பாற்றிய பந்துதான் இப்போது எங்கேயும் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தது. யாரிடம் சொல்வது? தனியாக நிற்கும்போது அவள் அதைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னதை மின் பணியாளர் கேட்டிருக்கிறார்.

முதல்வர் ஓய்வு பெறவிருந்த வருடம், ஒரு வியாழக்கிழமை காலையில், பந்து இறங்கத் தொடங்கியது. கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாகத்தான். வகுப்புக்குப் போகும்போது மூன்றாம் மாடியில் இருந்தது, வகுப்பு விட்டு வரும்போது இரண்டாம் மாடியில் இருந்தது. முதல்வர் உடனே ஆளனுப்பினார். மத்தியானத்துக்குள் அந்தத் தரையில் வாகனக் கொட்டகை கட்டச் செங்கல் வந்து இறங்கியது. கொத்தனார்கள் தரையோரம் குந்தியிருந்தார்கள். முதல்வர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எப்படித்தான் தெரிந்ததோ, பழைய மாணவிகளும் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி செவிலியர் சீருடையோடு, ஒருத்தி வக்கீல் கோட்டோடு, ஒருத்தி நிறைமாத வயிற்றோடு. மருந்துக்கடைக்காரர் கடையைத் திறந்து போட்டது போட்டபடி ஓடி வந்திருந்தார். பந்து முதல் மாடிக்கு வந்தது. அதன் தையல் தெரிந்தது.

விசில் டீச்சர் நெட்டையின் அருகே போனார். அவர் தலை நரைத்திருந்தது. "கை வலிச்சா விட்டுடு. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்" என்றார். நெட்டை அண்ணாந்து பந்தைப் பார்த்தாள். விட்டுவிட்டால் நாளைக்கே கடலோரம் போகலாம். அப்பா கடை என்று பிடிவாதம் பிடித்தாலும் இந்த வயதில் அவரோடு மல்லுக்கு நிற்கலாம். அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள். கொத்தனார்கள் எழுந்து நின்றார்கள். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வந்ததும் பந்து தன் பழைய எடையை நினைத்துக்கொண்டதுபோல் விறுவிறுவென்று விழுந்தது.

"பிடிம்மா!"

கத்தியது மருந்துக்கடைக்காரர். எல்லோரும் திரும்பிப் பார்க்க, அவர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

நெட்டை முழங்கால் தரையில் உரசப் பாய்ந்து பிடித்தாள். பந்து பனிக்கட்டிபோல் சில்லிட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு நிற்க விதியில்லை. எதிரே, முதலாமாண்டில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத குட்டிப்பெண் ஒருத்தி வாயைத் திறந்தபடி நின்றாள். நெட்டை பந்தை அவளிடம் வீசினாள். குட்டி அதை மார்போடு சேர்த்துப் பிடித்தாள், பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள், இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி மேலே எறிந்தாள். டீச்சர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். முதல்வர் நாற்காலியை விட்டு எழுந்தார். பந்து போனது, இன்னும் போனது, இந்தத் தடவை நான்காம் மாடி உயரத்தில், செங்கல் குவியலுக்கு நேர் மேலே போய் நின்றது.

வெகுநேரம் பார்த்தபின் மேஸ்திரி, "செங்கல்லைத் திருப்பி ஏத்திடவா சார்?" என்று கேட்டார். முதல்வர் தலையாட்டினார். நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு போனார்.

நெட்டை கோட்டுக்கு வெளியே வந்தாள். மாற்றாக ஒருத்தி உள்ளே ஓடினாள். அப்பா அவள் முழங்காலில் மருந்து தடவிக்கொண்டே, "ஆட்டம் இன்னும் முடியலையே. அப்புறம் நீ எதுக்குக் கடைக்கு வரணும்?" என்றார். மறுவாரம் அவளுடைய பெட்டியை அவரே பேருந்தில் ஏற்றிவிட்டார்.

வானிலை நிலையத்து அதிகாரி, இத்தனை வருடம் ஏன் வரவில்லை என்று விசாரித்தார்.

"ஒரு ஆட்டம் நடந்துட்டு இருந்துச்சு சார். பந்து மேலயே நின்னுடுச்சு."

"எவ்வளவு உயரத்துல?"

அவள் சொன்னாள். அந்த உயரத்தில் காற்று அவ்வளவு தொந்தரவு செய்யாது என்று சொல்லிவிட்டு, அவர் ஜன்னலோரம் காலியாக இருந்த மேசையைக் காட்டினார்.