வெர்னா வரைந்த அணில்

வெர்மான்ட் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா பெல்னாப்புக்கு வயது ஐம்பத்து நான்கு. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பிற்பகல் இரண்டரை மணி வரை வேலை இல்லை. இருபது வருடமாக அந்த நேரத்தில் ஊர் வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள், அந்த அக்டோபரில் அதே பத்திரிகையில் வந்த ஒரு பட்டியலில் போய் மாட்டிக்கொண்டாள். இலையுதிர்காலத்துக்கு எளிய முப்பது படங்கள். மேப்பிள் இலை, ஓக் கொட்டை, காளான், பூசணி, சோளக்கொல்லை பொம்மை, கொட்டை கொறிக்கும் அணில் என்று நீண்டது அது. நாளுக்கு ஒன்றாக வரைந்து, பிடித்த ஒரு படத்தை அறுவடை விழாவின் ஓவியப் போட்டிக்குக் கொடுக்கலாம் என்றும் போட்டிருந்தது.

"எளியன்னு போட்டிருந்தான். நம்பிட்டேன்," என்று பிற்பாடு அவளே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள்.

முதல் நாள் இலை. பேருந்தின் கண்ணாடியில் ஒட்டிக்கிடந்த ஒரு சிவப்பு இலையைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது கணவன் ஆர்லோவிடம் நோட்டை நீட்டினாள். ஆர்லோ கூரை வேய்கிறவன். மனைவியின் மனம் நோகப் பேசத் தெரியாதவன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான். "கோழிக்காலா?"

"இலை."

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். பென்சில் சரியில்லை என்று மறுநாள் வேறு பென்சில் வாங்கினாள். அதுவும் சரியில்லை என்று இருபத்து நான்கு பென்சில் அடங்கிய தகரப் பெட்டி ஒன்றை வாங்கினாள். பிறகு தாள் சரியில்லை என்று தோன்றியது. தாளையும் மாற்றிய பிறகு, மிச்சமிருந்தது அவளுடைய கை ஒன்றுதான். பூசணி, யாரோ உட்கார்ந்து எழுந்துபோன மெத்தை போல வந்தது. சோளக்கொல்லை பொம்மை மட்டும் அச்சு அசலாக ஆர்லோவின் அண்ணன் ராய்ஸ் மாதிரியே இருந்தது. ஆனால் அவள் ராய்ஸை வரைய நினைக்கவே இல்லை என்பதால் அதற்காகப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் வழியில்லை.

அணிலுக்கு மூன்று நாள் ஆயிற்று. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு வீட்டில் பறவைகளுக்காகத் தொங்கவிட்டிருந்த தீனிக்கூண்டை ஓர் அணில் தினமும் கொள்ளையடித்தது. அது ஓரிடத்தில் நிற்கிற வழியைக் காணோம். மூன்றாம் நாள் வெர்னா பொறுமையிழந்து, தாளைப் பார்க்காமல் அணிலை மட்டுமே பார்த்தபடி ஒரே மூச்சில் கிறுக்கித் தள்ளினாள். குனிந்து பார்த்தால், பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கான கதை. வால் உடம்பைவிடப் பெரிது. இரண்டு கண்ணும் முகத்தின் ஒரே பக்கம். கையிலிருந்த கொட்டை தலையளவு. கிழிக்கப்போனாள். ஆனால் அந்த மூஞ்சியில் ஒரு பேராசை இருந்தது. அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கிழிக்க மனம் வராமல் விழாவுக்கு அதையே கொடுத்துவிட்டாள். படிவத்தில் 'வி. பெல்னாப்' என்று எழுதினாள். வயதுக் கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விட்டாள். பெண்பிள்ளையிடம் வயது கேட்பது என்ன பழக்கம் என்பது அவள் எண்ணம்.

விழா அன்று தேவாலயத்துக்குப் போட்டுப்போகும் நீலக் கோட்டை அணிந்துகொண்டாள். ஆறுதல் பரிசு கிடைத்தால் எவ்வளவு அடக்கமாகப் புன்னகைக்க வேண்டும் என்று வரும் வழியிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். நகர மண்டபத்தில் பெரியவர்களின் படங்கள் இருந்த மேசையை மூன்று தரம் சுற்றினாள். அணிலைக் காணோம். வைக்கக்கூட லாயக்கில்லை என்று எடுத்துவிட்டார்கள் போல என்று நினைத்து, துக்கம் ஆற இரண்டு டோனட் தின்றாள். மூன்றாவதைக் கடிக்கும்போது, நடுவராகப் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த ஓவிய ஆசிரியை டான்சி ஆர்கட் மேடையேறினாள்.

"எட்டு வயசுக்கு உட்பட்டவங்கள்ல முதல் பரிசு, வி. பெல்னாப். எங்க இருக்கே கண்ணு? மேலே வா."

அந்த ஊரில் கல்லெறிந்தால் ஏதாவதொரு பெல்னாப் தலையில்தான் விழும். நாலைந்து பெல்னாப் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். டான்சி அணிலை உயர்த்திக் காட்டினாள். வெர்னா கடித்த டோனட்டைத் தட்டில் வைத்தாள். பின்வாசல் வழியாக நழுவலாம் என்று பார்த்தால், அங்கே ஆர்லோ ஆப்பிள் சாற்றோடு நின்று, படத்தை அடையாளம் கண்டு, அவளைப் பார்த்துப் பெருமிதமாகக் கை தட்டிக்கொண்டிருந்தான். தப்ப வழியில்லை. மேடைக்கு நடந்தாள்.

டான்சி குனிந்து அன்பாகக் கேட்டாள்: "பாப்பா வரலையா? நீங்க பாட்டியா?"

"பாப்பா நான்தாங்க," என்றாள் வெர்னா.

ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. பேருந்தில் வரும் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. டான்சியின் முகம் பட்டியலில் எந்த இலைக்கும் இல்லாத சிவப்பாகிவிட்டது. அவள் மன்னிப்புக் கேட்கக் கேட்க வெர்னாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வயதை எழுதாதது தன் தப்பு, எழுதியிருந்தால் பரிசும் இல்லை வம்பும் இல்லை என்று அவளைத் தேற்றினாள்.

முதல் பரிசான நீல ரிப்பனை இரண்டாம் பரிசுக்காரியிடம் கொடுத்தார்கள். ஏழு வயது ஜூனியா. பேருந்தில் மூன்றாவது இருக்கை. வான்கோழி வரைந்திருந்தாள்.

"உங்க அணிலைவிட என் வான்கோழிதானே நல்லாருக்கு?" என்று ரிப்பனை வாங்கிக்கொண்டு கேட்டாள்.

"ஆமா கண்ணு. அதுக்குக் கண்ணு ரெண்டும் இருக்கிற இடத்துல இருக்கு."

படத்தோடு நடுவரின் குறிப்புச் சீட்டு ஒன்று குத்தியிருந்தது. 'இந்தக் குழந்தை அணிலை உண்மையாகவே பார்த்திருக்கிறது. வரைவதை நிறுத்த விடாதீர்கள்.' டான்சி பேனாவை எடுத்து 'குழந்தை'யை அடிக்கப் போனாள். வெர்னா சீட்டைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வாசல் படியில் உட்கார்ந்து அவள் பட்டியலின் அடுத்த படமான களஞ்சியத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். ஆர்லோ சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பென்சில் கேட்டான். ஐந்தே நிமிடம். எதிர்வீட்டுக் களஞ்சியம், சரிவும் நிழலும் மாறாமல், தாளில் இறங்கியிருந்தது.

வெர்னா தாளை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "எப்போ கத்துக்கிட்டே?"

"கத்துக்க என்ன இருக்கு? கூரைதானே," என்றான் ஆர்லோ. "இதுதான் ரொம்ப எளிசு."

இரவுச் சாப்பாடு வரை அவள் அவனோடு பேசவில்லை. சாப்பிட்டபின் அவன் நாற்காலியில் வாய் பிளந்து தூங்கிப்போனதும், நோட்டை எடுத்து அவனை வரைந்தாள். மூக்கு மட்டும் சரியாக வந்தது.