பெற்றோர் விருப்பத்தின் பேரில்

தலைமையாசிரியர் தாண்டவராயன் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோதே பாஞ்சாலிக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஆறாம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்த அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் சரி, நிற்க வைத்துத்தான் பேசுவார்கள். இன்றைக்கு நாற்காலி, தலைக்கு மேல் மின்விசிறி, போதாக்குறைக்கு டீ வேறு. காலையில் களை எடுத்துக்கொண்டிருந்தவளைப் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிட்டு உடனே வரச் சொல்லியிருந்தார்கள். மானாம்பதியில் பஸ் ஏறி உத்திரமேரூரில் இறங்குவதற்குள், பிள்ளையை எவனோ அடித்துவிட்டான் என்று முடிவுகட்டி, அடித்தவன் வீட்டு வாசலில் நின்று என்னென்ன கேட்பது என்று ஒத்திகையே பார்த்துவிட்டாள். வந்து பார்த்தால் பிள்ளை முழுசாகத்தான் இருந்தது. புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தது.

சுகுமார் என்று பேர் வைத்த பிள்ளைதான். அவன் என்று சொல்வதைப் பாஞ்சாலி நிறுத்தி இரண்டு வருஷமாகிறது. அவள் என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. பிள்ளை என்று சொல்லிவிட்டால் யாருக்கும் குறையில்லை. ஆரம்பத்தில் அவளும் சும்மா இருந்தவள் இல்லை. பிள்ளை வைத்துக்கொண்ட பொட்டை அழித்தாள், போட்டுக்கொண்ட வளையலை உடைத்தாள், வேப்பிலை அடித்து மந்திரித்தாள். ஒருநாள் அடிக்கக் கை ஓங்கியபோது பிள்ளை நகரவே இல்லை. "அடிச்சா மாறிடுவேன்னா அடிம்மா, நான் நின்னுக்கினு கீறேன்" என்றது. ஓங்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் திண்டாடிப் போனாள். அன்றைக்கு விட்டதுதான்.

பள்ளிக்கூடம் அப்படி விட்டுவிடவில்லை. பையன்கள் கழிப்பறையில் இழுத்துப் போட்டுச் சட்டையைக் கிழித்தார்கள். பெண்கள் பக்கம் போகவும் முடியாது. அதனால் பிள்ளை காலையில் வீட்டில் குடிக்கும் ஒரு வாய்த் தண்ணீரோடு சரி, சாயந்தரம் வீடு திரும்பும்வரை தொண்டையை நனைப்பதில்லை. அப்படி இருந்தும் கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் நாலு மாதம்தான் பாக்கி.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று ஆரம்பித்தார் தாண்டவராயன். கெட்ட மனுஷர் இல்லை. கெட்ட மனுஷராக இருந்திருந்தால் பாஞ்சாலிக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். "மத்த பெற்றோர் வந்து சத்தம் போடறாங்க. இந்தப் பையன் இருக்கற வகுப்புல எங்க பசங்க படிக்க வேணாம்கறாங்க. பெத்தவங்களுக்கு உரிமை இருக்கா இல்லையா? நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்றது?"

"நானும் பெத்தவதான சார்."

"அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்" என்று ஒரு காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "டிசி குடுத்திடறேன். நடத்தை நன்றுன்னு போட்டே குடுக்கறேன். கீழ ஒரு கையெழுத்து போட்டுடுங்க."

எட்டாவது படித்தவள் பாஞ்சாலி. அது தெரியாமல்தான் அவர் காகிதத்தை நீட்டியிருக்க வேண்டும். அவள் நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் விரலால் தொட்டு, வாய்விட்டே படித்தாள். 'எங்கள் மகன் ரா. சுகுமாரை எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் வேறு பள்ளியில் சேர்க்க இருப்பதால், மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.' அதற்குக் கீழே இரண்டு கோடுகள். தாயார் என்ற கோடு காலியாக இருந்தது. தகப்பனார் என்ற கோட்டின் மேல், ஏர் பிடித்த கை எழுதிய எழுத்தில், ராஜாராம்.

நேற்று யூரியா வாங்கப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துப் போன மனுஷன், வெறுங்கையோடு திரும்பி வந்து, கடை பூட்டியிருந்தது என்றான். ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர வாயில் வைக்கவில்லை. வயிறு சரியில்லையோ என்று அவள் சுக்கு தட்டிப் போட்டுக் கொடுத்தாள். அந்தச் சுக்குக்காகவே அவள் இப்போது கொதித்தாள். பெற்ற பிள்ளையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவனுக்குக் கஷாயம்!

"அவரு போட்டுட்டாரு இல்ல சார்? அப்புறம் நான் எதுக்கு?"

"ரெண்டு பேர் கையெழுத்தும் இருந்தா பின்னால பேச்சு வராது."

அங்கேதான் அவளுக்கு விளங்கியது. போன வாரம் பஸ் நிலையத்தில் வகுப்பாசிரியை ஷாஹீதா டீச்சர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றோ வெளியே அனுப்புகிறேன் என்றோ எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லக் கூடாது என்று அரசாங்க உத்தரவு வந்திருக்கிறதாம். பள்ளிக்கூடமாக வெளியே அனுப்பக் கூடாது. அதனால் பெற்றவர்களே விரும்பிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இந்த நாற்காலி, இந்த டீ, எல்லாம் அந்த விருப்பத்துக்குத்தான்.

"சார், இன்னா காரணமோ அத நீங்களே எழுதுங்க. முடி வளத்துக்கினு கீது, பொண்ணாட்டம் கீது, அதனால நாங்க வெளிய அனுப்பறோம்னு எழுதி உங்க சீல குத்துங்க. நான் கண்ண மூடிக்கினு கையெழுத்து போடறேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா."

"உங்களால எழுத முடியாதத என் விருப்பம்னு எழுதிக்கீறீங்களே சார். இது எனக்கே தெரியாத விருப்பமா கீதே!"

தாண்டவராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாஞ்சாலி எழுந்தாள். காகிதத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் பதறிப்போய், "அது ஆபீஸ் பேப்பர்மா, குடுத்துட்டுப் போங்க" என்றார்.

"எங்க சொந்த விருப்பம்னுதான எழுதிக்கீது? அப்போ இது எங்க பேப்பர்."

"நாளைக்கு உங்க வீட்டுக்காரர் வந்து வேற எழுதிக் குடுத்தா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. சொல்லிட்டேன்."

மத்தியான வகுப்புக்கு மணி அடித்தது. வராந்தாவுக்கு வந்தாள். பிள்ளை கண்ணால் கேட்டது. "கிளாஸுக்குப் போ" என்றாள். பிள்ளை தயங்கவே, "போன்னு சொல்றேன் இல்ல, பாடம் ஆரம்பிச்சிடும்" என்று அதட்டினாள். அதட்டியது எவ்வளவோ நன்றாக இருந்தது.

கேட்டுக்கு வெளியே, வகுப்பு ஜன்னல்களை ஒட்டிய தெருவில், புங்கமரத்தடியில் ராஜாராம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். உள்ளே வரவும் துணிவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே, "போட்டியா?" என்றான்.

அவள் காகிதத்தை எடுத்து அவன் கையில் திணித்தாள். காகிதத்தில் பேரைப் பார்த்ததிலிருந்து அவனைத் திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் அவன் முகத்தைப் பார்த்ததும் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டன.

"டீக்கடையில ஆளுக்கு ஆள் கேக்கறானுங்க பாஞ்சாலி. வயல்ல தண்ணி பாய்ச்ச நின்னாக்கூட சிரிக்கறானுங்க. தாங்க முடியல."

"அது தெனம் தாங்குது. பதினஞ்சு வயசுல தாங்குது. உனக்கு இன்னாய்யா?" என்றாள். குரல் உடைந்தது, உடைந்தால் உடையட்டும் என்று விட்டுவிட்டாள். "நீ போட்டது. கிழிக்கறதுன்னாலும் நீதான் கிழிக்கணும். திரும்பக் கொண்டுபோய்க் குடுக்கறதுன்னாலும் நீதான் போவணும். நான் தொட மாட்டேன்."

அவன் காகிதத்தைப் பிரித்தான். தன் பேரையே புதிதாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றான். ஜன்னலுக்கு உள்ளே ஷாஹீதா டீச்சர் மத்தியான வருகைப் பதிவை எடுக்கத் தொடங்கியிருந்தார். பேர்கள் ஒவ்வொன்றாக வந்தன, பதில்களும் வந்தன.

"ரா. சுகுமார்."

பதில் வரவில்லை. பையன்களில் எவனோ களுக்கென்று சிரித்தான். ராஜாராமின் தலை நிமிர்ந்தது. டீச்சர் அடுத்த பேருக்குப் போகவில்லை, காத்திருந்தார். தெருவில் நின்ற இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள்.

"உள்ளேன் அம்மா" என்றது பிள்ளை, பையன் குரலாக மாற்றிக்கொள்ளாமல் தன் சொந்தக் குரலில், தெருவரைக்கும் கேட்கும்படி.