றிஸ்லா அனுப்பிய மூன்றாவது திருத்தம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. மதுரங்குளியில் ஒரு கல்யாண வீட்டில் றிஸ்லா சொன்னது. அவள் சொல்லி முடிக்குமுன்பே எழுதுவதென்று தீர்மானித்துவிட்டேன். ஆரம்பம்தான் சரிவரவில்லை.

'களப்பின்மேல் வெயில் சரிந்தபோது, கரைத்தீவுப் பாடசாலையில் பதினொரு திரைகளும்...'

வேண்டாம். களப்பு என்ற அந்தக் கடலேரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நேராகவே சொல்கிறேன்.

எத்தாளை ஊர்க்காரி றிஸ்லா, வீட்டிலிருந்து மென்பொருள் எழுதுகிறவள். அவளுடைய ராத்தா, அதாவது அக்கா, முஃபீதா கரைத்தீவில் கணினி டீச்சர். பாடசாலைக்கு அன்பளிப்பாக வந்த பதினொரு பழைய மடிக்கணினிகளில் ஓடியது, எவரும் வாசித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூல இயங்குதளம். ஒருநாள் அதைப் புதுப்பித்ததும் பதினொரு திரைகளும் கறுத்துப்போயின. பிள்ளைகளின் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது.

2

இயங்குதளத்தின் மையமான கெர்னலில், திரையை இயக்கும் பகுதியில்தான் கோளாறு. திரை விழிக்குமுன்பே அது கட்டளை அனுப்பிவிடுகிறது. ஒன்பது நாள் தேடி இதைக் கண்டுபிடித்த றிஸ்லா, சற்றுப் பொறுக்கச் சொல்லி நாலு வரி எழுதினாள். பதினொன்றும் விழித்தன. அந்த நாலு வரியையும் கெர்னலில் சேர்க்கும்படி அதை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் போய்ச்சேரும் பொது மின்னஞ்சல் பட்டியலுக்கு அனுப்பினாள். அந்தப் பகுதியின் பொறுப்பாளர் ஏழு பிழைகளைச் சுட்டித் திருப்பி அனுப்பினார்.

(முதல் பிரதியில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். றிஸ்லா வாசித்துவிட்டு, "பொய் எழுதாதீங்க. அந்தாள் நல்ல மனிசன். பிழை என்ட பக்கம்" என்றாள். அழித்துவிட்டேன்.)

திருத்தி இரண்டாவதை அனுப்பினாள். ஏதோ ஒரு நாட்டிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார்: 'சோதித்துப் பார்த்தேன். நன்றாக இருந்த என் திரை இப்போது கறுத்துவிட்டது.'

3

"எங்கட பதினொண்டும் நல்லாத்தானே இரிக்கி. இனி என்னத்துக்கு மெனக்கெடுறாய்?" என்று கேட்டாள் முஃபீதா.

"அடுத்த அப்டேட்டோட திரும்பக் கறுக்கும் ராத்தா."

"அப்ப திரும்பச் செய்யேன்."

"அதுமட்டுமில்ல. இது சேர்ந்திருந்தா, அந்தாள்ட மாதிரி எத்தினை பேர்ட திரை என்னால கறுத்திரிக்கும்?"



திரை கறுத்துப்போன அந்த ஆளுக்கு றிஸ்லா எழுதினாள். அவரிடம் இருந்தது அந்த ஒரே கணினிதான். ஆனாலும் அவள் அனுப்பியதையெல்லாம் ஆறு தடவை அதில் போட்டுப் பார்த்தார். ஐந்து தடவை திரை கறுத்தது. ஐந்து தடவையும் பழையபடி மீட்டெடுத்துக்கொண்டு, நடந்ததை எழுதினார். அவருடைய திரை அவ்வளவு நேரம் பொறுக்காது என்பது அப்போதுதான் விளங்கியது. நேரத்தைக் கணக்குப் பார்த்துப் பயனில்லை. தயாரா என்று திரையிடமே கேட்க வேண்டும். ஆறாவதில் விழித்தது.

பட்டியலுக்கு அவள் அனுப்பிய மூன்றாவது திருத்தம் அதுதான். றிஸ்லாவின் பெயருக்குக் கீழே, சோதித்தவர் என்று அவருடைய பெயர்.

4

பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அவரிடமிருந்து அது, எல்லோருடைய கணினிக்கும் போகிற தலைமைக் கெர்னலுக்குப் போய்ச் சேர வேண்டும். 'சேர்ந்தது' என்று ஒரு சொல் எழுதினால் கதை முடிந்துவிடும். ஆனால் இன்னும் சேரவில்லை; பொய் எழுத றிஸ்லா விடமாட்டாள். நீங்கள் வாசிக்கும் நாளில் அது எங்கே நிற்கிறதோ, அதையே முடிவாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அந்த இரண்டு பெயர்களையும் திரையில் பார்த்த முஃபீதா, இரண்டாவதை எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்துத் தோற்றாள்.

"என்னெண்டு சொல்றது இத?"

"எனக்கும் தெரியாது ராத்தா."

"சரி, பறவாயில்ல. துஆ கேக்கக்குள்ள, றிஸ்லாக்கு உதவின ஆள் எண்டு சொல்றேன். அல்லாஹ்வுக்கு விளங்கும்."